பாராளுமன்றக் கேள்விகளுக்கு அமைச்சர்கள் உரிய முறையில் விடையளிக்கிறார்களா? அதை நாம் எப்படி அளவிடுவது?

கொக்குவில் ஆசிரியை

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு அரசறிவியல் கற்பிக்கிறேன். அமைச்சரவை பாராளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புக்கூற வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்வதை ஒவ்வோர் ஆண்டும் படிப்பிக்கிறோம். அந்தப் பொறுப்புக்கூறல் நடைமுறையில் எங்கே தெரிகிறது என்று பிள்ளைகள் கேட்டால், வாய்மூல விடைக்கான வினாக்களையே முதல் உதாரணமாகக் காட்டுகிறோம். இந்தத் தவணையில் அதை அவர்களே நேரில் பார்க்கட்டும் என்று எண்ணி, பாராளுமன்ற இணையத்தளத்திலிருந்து சில அமர்வுகளின் ஹன்சாட்டை, அதாவது சபையில் பேசப்பட்டவற்றின் அச்சுப் பதிவை, எடுத்து வகுப்பில் வாசிக்கக் கொடுத்தேன்.

வினா மூன்று மொழிகளிலும் அச்சாகியிருக்கிறது. விடையோ அமைச்சர் பேசிய மொழியில் மட்டுமே இருப்பதால், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரு சக ஆசிரியரின் உதவியுடன்தான் பல இடங்களைக் கடந்தோம். சில வினாக்களுக்கு அமைச்சர் கால அவகாசம் கேட்கிறார். அதே வினா பின்னொரு நாளில் மீண்டும் ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது அன்றைய சபை அலுவல்களின் பட்டியலில், தோன்றுகிறது. சில விடைகள் வாசிக்கப்படாமலே எழுத்தில் சபாபீடத்தில் சமர்ப்பிக்கப்படுகின்றன. விடையைக் கேட்டபின் உறுப்பினர் தொடர்ந்து எழுப்பும் துணைக் கேள்விக்கு வரும் விடை, கேட்கப்பட்ட விடயத்தை விட்டு முந்தைய அரசாங்கத்தின் குறைகளைப் பற்றியதாக மாறிவிடுவதையும் பிள்ளைகள் கவனித்தார்கள். "விடை சொல்லாவிட்டால் அமைச்சருக்கு என்ன நடக்கும், ரீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்கு உறுதியான விடையொன்றை நான் கொடுக்க வேண்டும்.

இது எல்லாம் வெறும் சடங்கு என்ற முடிவுடன் அந்தப் பிள்ளைகள் பாடசாலையை விட்டுப் போவதை நான் விரும்பவில்லை. தனிநாட்டுக் கோரிக்கையைத் தடைசெய்த, அரசியலமைப்பின் 1983ஆம் ஆண்டு ஆறாவது திருத்தத்துக்குப் பின்னர் எமது பிரதிநிதிகள் ஆசனங்களை இழந்தார்கள். அதன்பின் 1989 தேர்தல் வரையில் இந்த மாவட்டத்தின் பெயரில் அந்தச் சபையில் கேள்வி கேட்க எவரும் இருக்கவில்லை. அந்தக் காலத்தை அறிந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, கேள்வி கேட்கும் உரிமை எவ்வளவு பெறுமதியானது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதே வேளையில், இல்லாத ஒரு பலத்தை அதற்கு உண்டென்று சொல்லவும் மனம் வரவில்லை. அமைச்சர் ஒருவர் உரிய முறையில் விடையளித்தார் என்று எப்போது சொல்லலாம்? இந்த நடைமுறையை அருகிலிருந்து கண்டவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், வட்டுக்கோட்டை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அரச சேவையில் இருந்த காலத்தில் பாராளுமன்ற வினாக்களுக்கான தகவல்களைத் திரட்டி வரைவு தயாரிக்கும் வேலை அடிக்கடி என் மேசைக்கு வந்திருக்கிறது. விடை எப்படி உருவாகிறது என்பதை அறிந்தால், அது ஏன் அப்படி அமைகிறது என்பதும் விளங்கும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

உறுப்பினர் கொடுக்கும் வினா பாராளுமன்றத்திலிருந்து அமைச்சுக்குப் போகிறது. அமைச்சின் செயலாளர் அதைத் திணைக்களத் தலைவருக்கு அனுப்புகிறார். அங்கிருந்து மாவட்டச் செயலகத்துக்கும், பிரதேச செயலகங்களுக்கும், தேவைப்பட்டால் கிராம அலுவலர் வரைக்கும் கடிதம் இறங்குகிறது. கீழே வந்து சேரும்போது பெரும்பாலும் மிகக் குறுகிய காலமே எஞ்சியிருக்கும். ஒரு பிரதேச செயலகம் கடந்த ஆண்டின் இறுதியில் உள்ளவாறு எண்களைக் கொடுக்கும். இன்னொன்று நேற்றைய நிலையைக் கொடுக்கும். மூன்றாவது ஒன்று பதிலே அனுப்பியிராது. இவற்றைக் கூட்டி ஒரு மாவட்டத் தொகையாக்கி மேலே அனுப்புவோம். அது சிங்களத்தில் வரைவாகி, செயலாளரின் அங்கீகாரம் பெற்று, அமைச்சரின் கைக்குப் போய்ச் சேரும். பெரும்பாலான அமைச்சர்கள் அந்தத் தாளை முதன்முதலாகக் கவனமாகப் பார்ப்பது அமர்வுக்குச் சற்று முன்னர்தான்.

வரைவு எழுதுகிறவருக்கு இரண்டு கட்டாயங்கள் உண்டு. பொய்யான எதுவும் எழுதக்கூடாது. கேட்கப்படாத எதையும் எழுதக்கூடாது. முதலாவது கட்டாயம் நியாயமானது. இரண்டாவது எங்கும் எழுதப்பட்டிராத ஒன்று. ஆனால் முதலாவதைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுவது. ஆகவே பாராளுமன்றத்தில் வாசிக்கப்படும் விடைகளில் அப்பட்டமான பொய் அரிதாகவே இருக்கும் என்பது என் அனுபவம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. "யாழ்ப்பாண மாவட்டப் பாடசாலைகளில் ஆசிரியர் பற்றாக்குறை நிலவுகின்றதென்பதை அவர் அறிவாரா?" என்று வினா அமைந்தால் விடை "ஆம்" என்ற ஒற்றைச் சொல்லுடன் முடிந்துவிடும். "அதனை நிவர்த்திக்க நடவடிக்கை எடுப்பாரா?" என்பதற்கும் "ஆம்". "எப்போது?" என்றால், "ஆட்சேர்ப்பு நடைமுறைகள் நிறைவடைந்ததும்". இந்த மூன்றிலும் பிழையான சொல் ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு ஆசிரியர் வருவாரா என்பதை அறிய உதவும் சொல்லும் ஒன்றும் இல்லை. முதற் பகுதிக்கு "இல்லை" என்று எழுத ஒரு சிறு காரணம் கிடைத்துவிட்டாலோ, பின்வரும் பகுதிகள் அனைத்துக்கும் "எழாது" (அந்தக் கேள்விக்கே இடமில்லை) என்று எழுதி வினாவையே முடித்துவிடலாம்.

இங்கே எமது மாகாணத்துக்கே உரிய இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மாணவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மாகாண சபைகளை உருவாக்கிய 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்துக்குப் பின்னர், தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழும் ஏனைய பாடசாலைகள் மாகாண நிர்வாகத்தின் கீழும் உள்ளன. தீவகத்திலுள்ள ஒரு சிறிய பாடசாலையைப் பற்றிக் கொழும்பில் கேள்வி கேட்டால், அது மாகாணத்துக்குரிய விடயம் என்று அமைச்சர் சொல்லலாம். சட்டப்படி அது சரியான விடைதான். ஆனால் அந்தக் கேள்வியை மாகாணத்தில் எங்கே கொண்டுபோய்க் கேட்பது? 2013இல் தெரிவான வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் மக்களால் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரேனும் அங்கே இல்லை. ஆளுநர் சனாதிபதியால் நியமிக்கப்படுபவர். அவரை எழுப்பிக் கேள்வி கேட்கும் சபை ஒன்றும் இல்லை. சுகாதாரம், கல்வி, விவசாயம், உள்ளூர் வீதிகள் என்று மக்களை அன்றாடம் தொடும் விடயங்கள் எல்லாம் இந்த இடைவெளிக்குள் விழுந்திருக்கின்றன. மத்திய அமைச்சர்கள் விடையளிப்பதில்லை என்று நாம் முறைப்படும் விடயங்களில் ஒரு பகுதி, விடையளிக்கக் கடமைப்பட்ட மன்றமே வெறுமையாக இருப்பதால் வருகிறது.

உங்கள் கேள்விக்கு என் விடை இது. எண்ணும் திகதியும் பொறுப்பான பதவியும் இருக்கும் விடையே விடை. எத்தனை, எந்தத் திகதியில் உள்ளவாறு, யார் எப்போது முடிப்பார் என்ற இவை இல்லாத விடையை, அது எத்தனை பக்கம் நீண்டாலும், நான் விடையாகக் கருதுவதில்லை. நீளமான விடைகளைக் குறித்தும் பிள்ளைகள் விழிப்பாக இருக்கட்டும்: பெரிய அட்டவணை ஒன்றைச் சபாபீடத்தில் வைத்துவிட்டால், துணைக் கேள்வி கேட்க வேண்டிய உறுப்பினருக்கு அதை வாசித்துப் பார்க்கவே அவகாசம் கிடைக்காது.

சட்ட மாணவன், திருநெல்வேலி

ஐயா எழுதியதைப் படித்தபோது, ஹன்சாட்டில் நான் கண்ட பல இடங்களுக்குக் காரணம் விளங்கியது. அந்த மாணவியின் கேள்விக்கு மட்டும் என்னால் இயன்றதைச் சொல்கிறேன்.

விடை சொல்லாவிட்டால் தானாக ஒன்றும் நடக்காது. அதுதான் உண்மை. ஒரு வினாவை ஏற்பதா, அது சபையின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளுக்கு அமைவானதா, அதில் வாதமோ குற்றச்சாட்டோ கலந்திருக்கிறதா, நீதிமன்றத்தின் முன்னுள்ள விடயமா என்பவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் சபாநாயகருக்கு உண்டு. அதாவது கேள்வி கடுமையாகப் பரிசோதிக்கப்படுகிறது. விடைக்கு அப்படியான பரிசோதனை இல்லை. விடையின் தரத்துக்குச் சபாநாயகர் பொறுப்பல்லர் என்பது வெஸ்ட்மின்ஸ்டர் முறையைப் பின்பற்றும் பல பாராளுமன்றங்களில் வேரூன்றிய மரபு. உறுப்பினர் ஓரிரு துணைக் கேள்விகள் கேட்கலாம். ஒழுங்குப் பிரச்சினை எழுப்பலாம். கட்சித் தலைவர்கள் நிலையியற் கட்டளை 27(2)இன் கீழ், அவசரப் பொது முக்கியத்துவம் வாய்ந்த விடயமாக அதை மீண்டும் கொண்டுவரலாம். 2018இல் புதிய நிலையியற் கட்டளைகள் வருமுன்னர் இது 23(2) என்று அறியப்பட்டது. பழைய ஹன்சாட்டை வாசிக்கும் மாணவர்களுக்கு இது உதவும். இவை எல்லாம் உறுப்பினர் மீண்டும் எழுந்தால் மட்டுமே பயன்படும் கருவிகள்.

எல்லா நாடுகளும் இப்படியே விட்டுவிடவில்லை. விடையானது கேள்வியுடன் நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவுஸ்திரேலியப் பிரதிநிதிகள் சபை 2010இல் தன் நிலையியற் கட்டளையில் சேர்த்தது. நியூசிலாந்தில், பொதுநலனுக்கு மாறாக இல்லாதவிடத்து, கேட்கப்பட்ட கேள்வியை எதிர்கொள்ளும் விடை கொடுக்கப்பட வேண்டும் என்று விதியிலேயே எழுதப்பட்டுள்ளது. பிரித்தானியாவில், ஈராக்குக்கான ஆயுத விற்பனை தொடர்பான ஸ்கொட் விசாரணை அறிக்கை 1996இல் வெளியான பின்னர், அமைச்சர்கள் பாராளுமன்றத்துக்குத் துல்லியமும் உண்மையுமான தகவலைக் கொடுக்க வேண்டும் என்றும், தெரிந்தே தவறாக வழிநடத்தியவர் பதவி விலக முன்வர வேண்டும் என்றும் 1997இல் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. அங்கும் பிரதமரின் கேள்வி நேரம் பெரும்பாலும் வாய்ச்சண்டையாகவே கழிகிறது என்பதால் அதை முன்மாதிரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பொய் சொல்வதற்கு ஒரு விலை உண்டு என்பது அங்கே எழுத்தில் இருக்கிறது.

எமக்கு மிகவும் பொருத்தமானது என்று நான் நினைப்பது இந்திய மக்களவையின் ஏற்பாடு. "பரிசீலிக்கிறோம்", "தகவல் திரட்டி அறிவிப்போம்" என்று அமைச்சர் சபையில் சொல்லும் ஒவ்வொன்றையும் அரசாங்க உறுதிமொழிகளுக்கான குழு என்ற ஒன்று தனியே பதிவுசெய்து, மூன்று மாதங்களுக்குள் அது நிறைவேற்றப்பட்டதா என்று பின்தொடர்கிறது. அந்தக் குழு 1953ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. உறுதிமொழிகள் அங்கேயும் தாமதமாகின்றன; ஆனால் அவை எங்கே நிற்கின்றன என்பதை எவரும் பார்க்க முடிகிறது. இங்கே பாராளுமன்றம் கலைந்தால் விடை கிடைக்காத வினாக்களும் அதனுடன் போய்விடுகின்றன. 2020 மார்ச்சிலும் 2024 செப்டெம்பரிலும் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அப்படித்தான் நடந்தது.

விடாமல் தொடர்ந்த ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணத்தை வகுப்பில் சொல்லலாம். 1957இல் இந்திய ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் முந்த்ரா என்ற வணிகரின் நிறுவனங்களில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் முதலிட்டது பற்றி மக்களவையில் கேட்கப்பட்டது. முதலில் கிடைத்தது மழுப்பலான விடை. பெரோஸ் காந்தி, ஆளும் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தும், அந்த விடையைப் பிடித்துக்கொண்டு டிசெம்பரில் மீண்டும் எழுந்தார். நீதியரசர் சாக்ளாவின் விசாரணை நடந்தது. நிதி அமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பெப்ரவரியில் பதவி விலகினார். மழுப்பலான முதல் விடையோடு எல்லோரும் அமர்ந்திருந்தால் அந்த முதலீடு கணக்கேட்டில் ஒரு வரியாகவே இருந்திருக்கும்.

தெல்லிப்பழை வாசகர்

நான் சட்டமோ அரசறிவியலோ படித்தவன் அல்லன். வலிகாமம் வடக்கில் காணியுள்ள ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவன். 1990இல் இடம்பெயர்ந்தோம், எங்கள் காணியின் ஒரு பகுதி இன்னும் படையினரின் வேலிக்கு அப்பால் இருக்கிறது. எங்கள் பிரதேசத்துக் காணிகளைப் பற்றிய வினாவுக்கு விடை சொல்லப்படும் நாளில் வீட்டில் எல்லோரும் நேரலையைப் பார்ப்போம். ஆகவே அந்த விடைகளைக் கேட்கும் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

உத்தியோகத்தர் ஐயா எண்களைக் கேளுங்கள் என்கிறார். எண்கள் எங்களுக்கு நிறையவே கிடைத்திருக்கின்றன. இவ்வளவு வீதமான காணி விடுவிக்கப்பட்டுவிட்டது என்று அரசாங்கங்கள் மாறி மாறிச் சொல்லியிருக்கின்றன. எதன் வீதம் என்பதுதான் எங்கள் கவலை. 1990இல் மக்கள் வெளியேறிய நிலப்பரப்பு முழுவதையும் நூறாகக் கொண்டால் ஒரு கணக்கு வரும். 2009இல் போர் முடிந்தபோது இருந்ததை நூறாகக் கொண்டால் வேறொரு கணக்கு. 2013இல் சுவீகரிப்பதற்காக அறிவித்தல் ஒட்டப்பட்ட 6,381 ஏக்கரை நூறாகக் கொண்டால் இன்னொன்று. தனியார் காணியையும் அரச காணியையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் பங்கு அதற்குள் மறைந்துவிடும். ஒவ்வொரு எண்ணும் தனித்தனியே சரியாக இருக்கலாம். ஆனால் ஓர் ஆண்டில் ஓர் அடிப்படையையும் அடுத்த ஆண்டில் இன்னோர் அடிப்படையையும் வைத்து விடை சொன்னால், காணி நகராமலே வீதம் உயரும்.

இன்னொன்று, விடுவிக்கப்பட்டது என்று விடையில் வரும் காணிக்குள் உரிமையாளர் போக முடிகிறதா என்பது கேட்கப்படுவதே இல்லை. சில துண்டுகளுக்குப் போகும் பாதை இன்னும் மூடிய பகுதிக்குள்தான் இருக்கிறது. சில இடங்களில் கிணறு ஒரு பக்கமும் தோட்டம் மறுபக்கமும் ஆகிவிட்டது. எல்லைக் கற்கள் இல்லை. நிலஅளவை செய்ய வேண்டும். அதற்கு எவருடைய அனுமதி வேண்டும் என்று கேட்டால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டும். கேள்வி கேட்கும் உறுப்பினர் ஒருமுறை எங்கள் வேலி வரைக்கும் வந்து பார்த்துவிட்டு, அந்தப் பாதையின் பெயரைச் சொல்லிக் கேட்டால், "எதிர்காலத்தில்" என்று விடை சொல்வது அமைச்சருக்கு அவ்வளவு இலகுவாக இருக்காது.

எங்கள் அம்மா உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு விடையையும் நம்பிக்கையுடன்தான் கேட்டார். எனவே இவை சடங்கா என்ற கேள்விக்கு என்னால் பற்றற்று விடை சொல்ல முடியாது. விடைக்காக முப்பது வருடங்களுக்கு மேலாகக் காத்திருக்கும் மனிதர்கள் இந்தப் பிரதேசத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ரீச்சர்.

சட்ட மாணவன், திருநெல்வேலி

ஐயா, நீங்கள் எழுதிய வீதக் கணக்கு ஒவ்வொரு உறுப்பினரின் கைக்கும் போக வேண்டிய ஒன்று. அதனுடன் சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். படையினர் வசமுள்ள காணிகள் பற்றிய வினா பாதுகாப்பு அமைச்சுக்குப் போகிறது. அந்த அமைச்சு சனாதிபதியின் பொறுப்பில் இருப்பதால் சபையில் எழுந்து விடை சொல்பவர் பெரும்பாலும் பிரதி அமைச்சரோ சபை முதல்வரோ ஆவார். முடிவெடுக்கும் அதிகாரம் ஒருவரிடமும் விடை சொல்லும் கடமை இன்னொருவரிடமும் இருக்கும்போது, துணைக் கேள்விக்குப் புதிய விடை எதுவும் கிடைக்காததில் வியப்பில்லை. காணி, உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியன பற்றிய விடைகளை மாணவர்கள் வகைப்படுத்தும்போது, விடை சொன்னவருக்கு அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் இருந்ததா என்பதையும் ஒரு நிரலாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பருத்தித்துறை வாசகர்

எல்லோரும் அமைச்சர்களையே பேசுகிறீர்கள். கேட்பவர்களையும் பேச வேண்டும். தன் பெயரில் வினா இருக்கும் நாளில் உறுப்பினர் சபையில் இல்லாமற் போவதை ஹன்சாட்டில் நாம் கண்டிருக்கிறோம். துணைக் கேள்வி கேட்க எழுந்தவர் கேள்வியே இல்லாத ஒரு சிறு உரையை ஆற்றிவிட்டு அமர்வதையும், அந்தத் துண்டுக் காணொளி அன்று மாலையே சமூக வலைத்தளங்களில் வலம் வருவதையும் காண்கிறோம். அங்கே அமைச்சர் சொன்ன விடை வெட்டப்பட்டிருக்கும். அது நல்ல விடையாக இருந்தாலும் நாம் அறியப்போவதில்லை.

நல்ல விடைகளும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடற்றொழில் தொடர்பாகக் குறிப்பான கேள்விகள் கேட்கப்பட்டபோது, கைப்பற்றப்பட்ட படகுகள், தொடரப்பட்ட வழக்குகள் என்று எண்ணிக்கையுடன் விடைகள் வந்திருக்கின்றன. இழுவைமடித் தொழிலைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்வைத்து, அது எங்கே எத்தனை தடவை நடைமுறைப்படுத்தப்பட்டது என்று கேட்டால் அமைச்சர் சுற்றிவளைக்க இடமில்லை. "எங்கள் கடலைக் காப்பாற்றுவீர்களா?" என்று கேட்டால் "காப்பாற்றுவோம்" என்பதுதான் விடை. எங்கள் கடற்றொழிலாளர் சங்கங்கள் உறுப்பினர்களுக்கு மகஜர் கொடுப்பதோடு நிற்காமல், வினாவையே எழுதிக் கொடுக்கப் பழக வேண்டும்.

கொக்குவில் ஆசிரியை

ஐயாமாருக்கும் சட்டம் பயிலும் தம்பிக்கும் மனமார்ந்த நன்றி. தெல்லிப்பழை ஐயா, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதை உங்கள் சம்மதத்துடன் வகுப்பில் வாசிக்க விரும்புகிறேன். எண், திகதி, பொறுப்பான பதவி, வீதத்தின் அடிப்படை, விடை சொன்னவரின் அதிகாரம் ஆகியவற்றைக் கொண்டு மாணவர்கள் அந்த விடைகளை மீண்டும் பரிசீலிப்பார்கள்.

பருத்தித்துறை ஐயா சொன்னதிலிருந்து ஒரு யோசனை வந்தது. பிள்ளைகளே ஒரு வினாவைத் தயாரித்து எமது மாவட்ட உறுப்பினர் ஒருவரிடம் கொடுத்தால் என்ன? தீவகப் பாடசாலைகளின் ஆசிரியர் நிலைமையையே எடுக்கலாம் என்று எண்ணுகிறேன். எமது வகுப்பில் வேலணையிலிருந்து வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மாகாணத்துக்குரிய விடயம் என்று திருப்பி அனுப்பப்படாதபடி அதை எப்படி எழுதுவது? உத்தியோகத்தர் ஐயா வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், வட்டுக்கோட்டை

நல்ல முயற்சி. வினாவைக் கொடுக்குமுன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் மாகாணத் திணைக்களங்களுக்கும் பொருந்தும். தீவகக் கல்வி வலயத்தில் பாடசாலை வாரியாக அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் ஆளணி எவ்வளவு, குறித்த ஒரு திகதியில் கடமையிலுள்ளோர் எவ்வளவு என்று மட்டும் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைக் கொடுப்பதா இல்லையா என்ற தீர்மானத்தை அவர் 14 வேலை நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தை வளர்ந்தவர் ஒருவரின் பெயரில் கொடுங்கள். இந்த எண்கள் கையில் இருந்தால், வினாவில் அவற்றைக் கேட்டு வீணாக்காமல், அமைச்சர் மட்டுமே சொல்லக்கூடியதைக் கேட்கலாம். மத்திய அரசிடம் உள்ள அதிகாரத்தைப் பிடித்துக் கேட்டால் மாகாணத்துக்குத் தள்ளிவிட முடியாது. ஆசிரியர் நியமனத்துக்கான நிதி எங்கிருந்து வருகிறது என்பதே அந்தப் பிடி. மாதிரியொன்று தருகிறேன், பிள்ளைகள் திருத்திக்கொள்ளட்டும்.

கல்வி அமைச்சரைக் கேட்பதற்காக:

(அ) வட மாகாணத்துக்கான ஆசிரியர் நியமனங்களுக்கென நடப்பு ஆண்டில் மத்திய அரசாங்கம் அங்கீகரித்துள்ள எண்ணிக்கை யாது என்பதையும்; அவற்றுள் இன்றைய திகதியில் உள்ளவாறு நிரப்பப்பட்டவை எத்தனை என்பதையும்;

(ஆ) மேலும் நியமனங்களுக்கான அங்கீகாரத்தை வட மாகாண நிர்வாகம் கோரியுள்ளதா என்பதையும்; ஆமெனில், அக்கோரிக்கை கிடைத்த திகதி யாது என்பதையும்; அது தற்போது எந்தப் பதவிநிலை உத்தியோகத்தரின் தீர்மானத்துக்காக உள்ளது என்பதையும்;

(இ) அத்தீர்மானம் எடுக்கப்படும் இறுதித் திகதி யாது என்பதையும் அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?

(ஈ) இன்றேல், ஏன்?

"அறிவாரா" என்று தொடங்கும் பகுதி ஒன்றும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். எந்தப் பகுதிக்கும் "ஆம்" என்று மட்டும் சொல்லி முடிக்க முடியாது. துணைக் கேள்விகளையும் இப்போதே எழுதி உறுப்பினரிடம் கொடுத்துவிடுங்கள். தகவல் சட்டத்தின் மூலம் கிடைத்த எண்களில் மிக மோசமான ஒரு பாடசாலையின் நிலைமை முதலாவது துணைக் கேள்வியாக இருக்கட்டும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2024 தேர்தலிலிருந்து ஆறு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆளும் கட்சியில் ஒருவருக்கும் எதிர்த்தரப்பில் ஒருவருக்கும் பிரதி கொடுங்கள். கால அவகாசம் கேட்கப்பட்டால், மீண்டும் எந்த நாளுக்கு அது குறிக்கப்பட்டது என்பதை எழுதி வைத்துக்கொள்ளும் பொறுப்பை ஒரு மாணவரிடம் ஒப்படையுங்கள். விடை வந்ததும் ஹன்சாட்டின் அந்தப் பக்கத்தை இங்கே பதிவிடுங்கள். சிங்களத்தில் இருந்தால் மொழிபெயர்த்துத் தருகிறேன். எண்களையும் தகவல் அலுவலரின் கடிதத்துடன் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.